ஜன்னலுக்கு வெயில் திரை: உத்தரவாதம் கைநழுவாமல் போடுவது எப்படி?

நுவரெலியாவில் வீடு கட்டியவர் வெயிலுக்குப் பயப்படுகிறார் என்று சொன்னால் கொழும்பில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். கம்பளிக் குல்லாவும் ஸ்வெட்டருமாக நடமாடும் ஊரில் ஜன்னலுக்கு வெயில் திரை எதற்கு என்று கேட்பார்கள். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் அண்மைக் காலத்தில் எழும்பிய கட்டடங்களைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். கீழே கடை, மேலே வீடு, முன்பக்கம் முழுவதும் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும். நம் வர்த்தகர்களில் பலருடைய வாழ்நாள் சேமிப்பு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்து பிற்பகல் வெயில் மேற்குப் பக்கம் அடிக்கத் தொடங்கியதும், அதே கண்ணாடிதான் தலைவலியாக மாறுகிறது.

குளிராக இருக்கிறதே, வெயில் என்ன செய்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் பிழை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1000 மீற்றர் ஏறினால் சூரியனின் புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும் என்பது பொதுவான கணக்கு. அதாவது, மேகமில்லாத ஒரு நாளில் கொழும்புக் கடைக்கு விழுவதைவிட நுவரெலியாக் கடைக்கு அந்தக் கதிர் ஐந்தில் ஒரு பங்கு அளவு அதிகமாக விழும். உடலுக்குச் சூடு தெரியாததால் நாம் அதைக் கவனிப்பதில்லை. கடையில் தொங்கும் துணிக்கு அது நன்றாகவே தெரியும்.

சாதாரண ஜன்னல் கண்ணாடி புறஊதாக் கதிரில் ஒரு வகையைப் பெரும்பாலும் தடுத்துவிடும். மற்ற வகையில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். தோட்டத்துச் சம்பள நாளை நம்பி முன்வரிசையில் மாட்டிய சாரி, சில வாரங்களில் மடிப்போரம் மட்டும் வெளுத்துப் போவது இதனால்தான். உள்ளே இருந்த பகுதி ஒரு நிறம், வெயில் பட்ட பகுதி இன்னொரு நிறம். வாடிக்கையாளர் அதை விரித்துப் பார்த்தால் பழைய சரக்கு என்றுதான் சொல்வார். மாடியில் வீட்டுக்காரரின் சோபாவுக்கும் திரைச்சீலைக்கும் மரத் தளபாடங்களுக்கும் இதே கதைதான்.

ஆகவே திரை தேவைதான். எந்தத் திரை, அதை எங்கே பொருத்துவது, பொருத்திய பிறகு ஜன்னலின் உத்தரவாதம் என்னாகும் என்பனதான் பார்க்க வேண்டிய விடயங்கள். ஜன்னல் ஒன்று ஒழுகியோ வெடித்தோ போனால், "முதலாளி, நீங்க மேல ஏதோ பூட்டியிருக்கீங்களே, இனி நாங்க பொறுப்பில்ல" என்று ஜன்னல் போட்ட பாஸ் கையை விரித்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. பல நேரங்களில் அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும் என்பதுதான் சங்கடம்.

உத்தரவாதம் யார் கையில்?

ஒரு ஜன்னலுக்கு ஓர் உத்தரவாதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது மூன்று நான்கு பேரின் வாக்குறுதி. அலுமினியச் சட்டத்துக்கும் அதன் மேல் பூசிய நிறத்துக்கும் ஒரு கம்பனி பொறுப்பு. கண்ணாடி வேறோர் இடத்திலிருந்து வந்திருக்கும். சக்கரம், பூட்டு, கைப்பிடி போன்றவை இன்னொரு கடையின் பொருள்கள். இவற்றையெல்லாம் வெட்டி, பொருத்தி, சிலிக்கன் இழுத்து, தண்ணீர் ஒழுகாமல் சுவரில் நிறுத்தியவர் அலுமினியம் பாஸ். ஒழுக்குக்குப் பொறுப்பு அவருடைய வேலைக்கே உரியது.

மலையக நகரங்களில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலும் இவை எதற்கும் தனித்தனிச் சீட்டு இருக்காது. கொட்டேஷனின் அடியில் இரண்டு வரி இருக்கும், அல்லது வாய்ப்பேச்சாக மட்டும் இருக்கும். வீடு முடிந்து ஒரு வருடத்தில் அந்தக் கொட்டேஷனும் காணாமல் போயிருக்கும். திரை போடப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது அந்தக் காகிதத்தைத் தேடியெடுப்பதுதான். அதில் சட்டத்தில் துளையிடுதல், கண்ணாடியில் ஏதாவது ஒட்டுதல், வேறு ஆட்கள் கைவைத்தல் ஆகிய மூன்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் உலகெங்கும் வழக்கமாக விலக்கி வைப்பவை இந்த மூன்றுந்தான். காகிதத்தில் ஒன்றுமே எழுதியிருக்காவிட்டால் அது உங்களுக்குச் சாதகம் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை வரும்போது இரண்டு பக்கமும் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்லும்.

இணையத்தில் படித்துவிட்டு, வேறு கம்பனியின் பொருளைப் பூட்டினாலும் உத்தரவாதம் போகாதாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் வந்த மக்னுசன்-மொஸ் உத்தரவாதச் சட்டத்தைப் பற்றிய பேச்சு. அங்கே, வேறு கம்பனிப் பொருளைப் பொருத்தினார் என்பதை மட்டும் காட்டி உத்தரவாதத்தை மறுக்க முடியாது. அந்தப் பொருள்தான் சேதத்துக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் ஹட்டன் நகரில் நின்றுகொண்டு அதைச் சொல்லிப் பயனில்லை. இங்கே நமக்குத் துணை நிற்பது நம் கையிலிருக்கும் காகிதமும் நம் நாட்டுச் சட்டமும்தான். சட்டத்துக்குப் பிறகு வருவோம்.

ஒட்டும் படலம் என்ற ஆபத்து

வெயில் என்றதும் பெரும்பாலானோர் வாகனத்துக்கு ஒட்டுவதுபோல ஒரு கறுப்புப் படலத்தை ஒட்டிவிடலாம் என்றுதான் நினைக்கிறார்கள். செலவு குறைவு, ஒரு நாள் வேலை. ஆனால் மலைநாட்டுக்கு அதிகம் யோசித்துச் செய்ய வேண்டியது இதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். நிறம் கூடிய படலம் வெயிலின் சூட்டை உறிஞ்சும். அந்தச் சூடு கண்ணாடியின் நடுப்பகுதிக்கு ஏறும். கண்ணாடியின் ஓரமோ சட்டத்துக்குள் மறைந்து குளிர்ந்தே இருக்கும். நடு விரிய முயலும், ஓரம் விடாது. இந்த இழுபறியில் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக் காயம் இருந்தாலும் அங்கிருந்து வெடிப்பு கிளம்பும். கல் பட்டு உடைந்த கண்ணாடி பட்ட இடத்திலிருந்து நாலாபக்கமும் கீறும். சூட்டில் வெடித்த கண்ணாடியில் கீறல் ஓரத்திலிருந்து நேராக உள்ளே வரும். அனுபவமுள்ளவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். உத்தரவாதம் கேட்டுப் போனால் அந்தக் கீறலே உங்களுக்கு எதிரான சாட்சி.

இப்போது நுவரெலியாவின் ஜனவரி மாதத்தை நினைத்துப் பாருங்கள். இரவில் பனி உறையும் அளவுக்குக் குளிர், விடிந்ததும் மேகமில்லாத வெயில். சட்டம் இன்னும் இரவுக் குளிரிலேயே இருக்க, படலம் ஒட்டிய கண்ணாடி மட்டும் வேகமாகச் சூடேறுகிறது. வெப்ப இழுபறிக்கு இதைவிட வசதியான இடம் இலங்கையில் வேறு இல்லை. குளிருக்காக இரட்டைக் கண்ணாடி போட்டவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இரண்டு கண்ணாடிக்கும் இடையிலுள்ள காற்று சூடேறி ஓர அடைப்பு விட்டுப்போனால் உள்ளே ஈரம் புகுந்து மங்கும், பிறகு துடைக்கவும் முடியாது. அடுப்பிலிட்டுக் கடினமாக்கிய டெம்பர் கண்ணாடி இந்தச் சூட்டைத் தாங்கும். உங்கள் ஜன்னலில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் படலம் ஒட்ட வேண்டாம்.

படலமே கூடாது என்று சொல்லவில்லை. பெயர் பெற்ற படலக் கம்பனிகள், எந்தக் கண்ணாடிக்கு எந்தப் படலம் பொருந்தும் என்று ஓர் அட்டவணை வைத்திருக்கின்றன. அதன்படி ஒட்டினால், கண்ணாடி வெடித்தாலோ ஓர அடைப்பு விட்டாலோ தாங்கள் ஈடு செய்வதாகத் தனி உத்தரவாதம் தரும் கம்பனிகளும் உண்டு. பழைய உத்தரவாதம் போனாலும் அதன் இடத்தில் புதியது வந்துவிடுகிறது. முகவரிடம் அந்த அட்டவணையையும் உத்தரவாதச் சீட்டையும் கேளுங்கள். கேட்டதும் அவர் முகம் சுருங்கினால் வேறு கடை பாருங்கள்.

இன்னொன்று. 99 சதவீதம் புறஊதாக் கதிரைத் தடுக்கும் என்று விளம்பரம் சொன்னால் துணி வெளுக்கவே வெளுக்காது என்று அர்த்தமில்லை. நிறம் மங்குவதில் புறஊதாக் கதிருக்கு ஏறக்குறைய 40 சதவீதப் பங்கு என்றும், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் சூட்டுக்கும் தலா 25 சதவீதம் என்றும் துறையினர் வழக்கமாகச் சொல்வார்கள். வெளிச்சம் வரும்வரை நிறம் போகும். முன்வரிசைச் சரக்கை வாரத்துக்கு ஒரு முறை மாற்றி மாட்டும் பழைய புடவைக்கடை வழக்கத்தை எந்தப் படலம் வந்தாலும் கைவிட வேண்டாம்.

வெளியே போடும் திரை

கண்ணாடிக்கு வெளியே நிற்கும் வெயில் திரை வேறு வகை. பார்ப்பதற்கு நுளம்பு வலை போலிருக்கும், ஆனால் இழை தடித்து நெருக்கமாக இருக்கும். பொலியெஸ்டர் அல்லது கண்ணாடி நார் இழைக்கு மேல் பீ.வீ.சி. பூசிச் செய்வது. வெயிலில் 70, 80, 90 சதவீதத்தைத் தடுப்பவை என்று வகை வகையாக வருகின்றன. சூடு கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடுவதால் மேலே சொன்ன வெடிப்புப் பயம் வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் கண்ணாடியின் பாதியை மட்டும் மறைத்து மறுபாதியை வெயிலில் விடாதீர்கள். அதுவும் ஓர் இழுபறிதான். உள்ளே தடித்த திரைச்சீலையைக் கண்ணாடியோடு ஒட்டித் தொங்கவிடுவதும் அப்படியே. நாலு விரல் இடைவெளியாவது இருக்கட்டும்.

உத்தரவாதத்தைக் காப்பாற்றும் வழி இங்கே ஒன்றே ஒன்று: திரை ஜன்னலைத் தொடக் கூடாது. திரைக்கு என்று தனிச் சட்டம் செய்து அதைச் சுவரில் பொருத்துங்கள். கொளுக்கியோ திருகோ சீமெந்துச் சுவரில் இறங்கட்டும், அலுமினியச் சட்டத்தில் ஒரு துளைகூட வேண்டாம். சட்டத்தில் துளையிட்டால் நிறப்பூச்சு உடைகிறது, உள்ளே நீர் போக வழி கிடைக்கிறது. சாதாரண இரும்புத் திருகை அலுமினியத்தில் ஏற்றினால் ஈரம் பட்டதும் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அரிக்கத் தொடங்கும். சுவரில் பொருத்துவதற்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகே நல்லது. விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்.

சட்டத்தின் அடிப்பக்கத்தில் வெளியே பார்த்தபடி சின்னச் சின்னத் துளைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சட்டத்துக்குள் இறங்கும் மழைநீர் வடிவதற்கு விட்டவை. திரை பூட்ட வந்தவர் நீட்டாக இருக்கட்டும் என்று அதன் மேல் சிலிக்கன் இழுத்துவிட்டால் வேலை கெட்டது. தென்மேல் பருவ மழை மே மாதத்தில் தொடங்கினால் கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் எப்படிக் கொட்டும் என்று சொல்லத் தேவையில்லை. இலங்கையில் மழை மிகக் கூடிய இடங்களில் வட்டவளையும் ஒன்று. வடிய வழியில்லாத நீர் வீட்டுக்குள்தான் வரும். ஜன்னல் போட்ட பாஸைக் கூப்பிட்டால் அவர் முதலில் காட்டப் போவது அந்தச் சிலிக்கனைத்தான். நம் ஊரில் வெயில் திரையால் வரும் தகராறு வெயிலில் தொடங்குவதைவிட மழையில் தொடங்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

யூ.பீ.வீ.சி. ஜன்னல் வைத்தவர்கள் இன்னும் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் பிளாஸ்டிக். கறுப்புத் திரையை அதோடு நெருக்கிப் பூட்டினால் இடையில் அடைபடும் சூட்டில் சட்டம் வளையலாம். காற்றோட இடம் விடுங்கள், முடிந்தால் வெளிர் நிறம் எடுங்கள்.

எல்லா ஜன்னலுக்கும் திரை போட வேண்டியதுமில்லை. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகை அளவில் இருப்பவர்கள். நடுப்பகல் சூரியன் தலைக்கு மேலே போய்விடும். தொந்தரவு கொடுப்பது கிழக்கு, மேற்கு ஜன்னல்கள்தான். அதிலும் கிழக்கு ஜன்னலின் காலை வெயில் நுவரெலியா வீட்டுக்கு இலவசமாக வரும் கணப்பு. அதைத் திரை போட்டு மறைத்துவிட்டு இரவில் மின்சார ஹீட்டருக்குக் காசு கட்டுவது வியாபாரிக்கு அழகல்ல. மேற்கு ஜன்னல் போதும். அதற்கும் கழற்றி மாட்டக்கூடிய திரையாகச் செய்தால் மழை மாதங்களில் சுருட்டி வைத்துவிடலாம்.

கடையின் காட்சிக் கண்ணாடிக்கு இந்தத் திரை சரிவராது. பகலில் வெளியே நிற்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாமல் போகும். சாரியைக் காப்பாற்றப் போய் வாடிக்கையாளரை இழந்த கதையாகும். அங்கே கடை முகப்புக்கு மேலே மடக்கு விதானம் போடுவதே பொருத்தம். பழைய தோட்டத்துரை பங்களாக்களில் ஆழமான தாழ்வாரமும் மரக் கதவு ஜன்னலும் வைத்துக் கட்டினார்களே, அது இதே கணக்குத்தான்: நிழல் வெளியே விழுகிறது, கண்ணாடியை யாரும் தொடுவதில்லை. விதானம் நடைபாதைக்கு மேலே நீளுமானால் நுவரெலியாவில் மாநகர சபையிடமும் ஹட்டனில் நகர சபையிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மாடி ஜன்னலுக்குக் கீழே நங்கூர ஆணி அடிக்கும்போதும் ஜன்னல் சட்டத்திலிருந்து தள்ளியே அடிக்கச் சொல்லுங்கள்.

காகித வேலை

திரை போடுமுன் ஜன்னல் போட்டவருக்கு ஒரு தகவல் அனுப்புங்கள். "இன்ன ஜன்னலுக்கு, சுவரில் பொருத்தும் திரை போடப் போகிறோம், சட்டத்திலும் கண்ணாடியிலும் கைவைக்கவில்லை, உங்கள் உத்தரவாதத்துக்கு ஏதும் ஆட்சேபம் உண்டா?" என்று நாலு வரி. வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு தகவலைச் செல்லாது என்று ஒதுக்க முடியாது. அவருடைய பதிலை அழிக்காமல் வையுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் சட்டத்தின் நாலு மூலையையும் படம் எடுத்து வையுங்கள். இதற்கெல்லாம் பத்து நிமிடம் போதும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிடக் கூடாது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 360ஐத் தாண்டியது. கண்ணாடியும் திரைத் துணியும் பெரும்பாலும் இறக்குமதிப் பொருள்கள். ஒரு கண்ணாடியை மாற்றும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி அன்று முதல் நட்புப் பேச்சாக இருப்பதில்லை. இயற்கை அழிவு உத்தரவாதத்தில் அடங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் நுவரெலியா மாவட்டத்தை என்ன செய்தன என்பதைக் கண்டோம். அந்த மாதிரிச் சேதத்துக்கு உத்தரவாதச் சீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது காப்புறுதியின் விடயம்.

விற்பவர் பக்கத்துக்கும் வருவோம். நம் வாசகர்களில் ஹாட்வெயார் கடைக்காரர்களும், திரைச்சீலை விற்பவர்களும், அலுமினிய வேலை செய்விப்பவர்களும் இருக்கிறார்கள். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, உங்கள் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. "நுவரெலியாவில் இரட்டைக் கண்ணாடிக்கு ஒட்ட வேண்டும்" என்று வாடிக்கையாளர் சொல்லியிருக்க, கையில் இருக்கும் கறுப்புப் படலத்தைத் தள்ளிவிட்டால், வெடித்த கண்ணாடி ஜன்னல்காரரின் தலையில் விழாமல் உங்கள் தலையில் விழும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் இருக்கிறது. வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் அதிகார சபை விசாரிக்கலாம். சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. துளையை அடைத்துவிட்டுப் போன திரைக்காரர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான். முறைப்பாட்டை விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கூறுவதால், ஐந்து வருட உத்தரவாதம் இருக்கிறதே என்று ஆறப்போடுவது நல்லதல்ல. விபரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு இல்லாமல் இதில் எந்தப் பேச்சும் எடுபடாது. ஆகவே கேட்டு வாங்குங்கள், விற்பவர்கள் கேட்காமலே கொடுங்கள். கொடுக்கும் சீட்டில் எந்தப் பொருள், எந்த ஜன்னலுக்கு, எதில் பொருத்தப்பட்டது, எத்தனை காலம் பொறுப்பு என்று நாலு சொல் எழுதினால் நாளைக்கு உங்களுக்கும் அதுவே பாதுகாப்பு. சின்ன ஊரில் ஒரு ஜன்னல் தகராறு சந்தை நாளுக்குள் எல்லாக் கடைக்கும் போய்விடும்.

வேலை கொடுக்க உகந்த காலம் டிசம்பர். ஜனவரி தெளிவுக்குத் திரை ஏறிவிடும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் பாஸ்மாரைப் பிடிப்பதே கஷ்டம், கூலியும் ஏறும். மே மாதத்தில் முதல் மழைக்கு முன் திரையைக் கழற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்தால் இழை மடிப்பில் உடையும், ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். கழற்றிய கையோடு ஜன்னலின் அடித்துளைகளை ஒரு குச்சியால் குத்திப் பார்த்து, ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, அது வெளியே வடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.